எந்தச் சஹனிலும் இல்லாத வீடு

தெமட்டகொடையில் கால்வாயை நோக்கி இறங்குகிற அந்த ஒழுங்கைக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவிப்பதில்லை. ஓட்டோக்காரரிடம் "சஹன் பைறோஸாட ஒழுங்கை" என்றால் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

சஹன் என்பது அகன்ற வட்டத் தட்டு. நடுவில் சோற்றைக் குவித்து, மேலே கோழியும் கறியும் அச்சாறும் வைப்பார்கள். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் கையால் சாப்பிடுவார்கள். கொழும்பு முஸ்லிம்களான சோனகர் வீட்டுக் கலியாணம் சஹன் இல்லாமல் நடந்தால் அதைக் கலியாணம் என்று பைறோஸா ஒத்துக்கொள்ள மாட்டார். "அது மீட்டிங்" என்பார்.

சஹன்களையும் சோறாக்கும் பெரிய கிடாரங்களையும் வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். கணவர் பஸீர் தொடங்கியது. பஸீர் மௌத்தான பிறகு கடையை மூடச் சொல்லி நிறையப் பேர் வந்தார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்த மறுநாள் கடையைத் திறந்தார்.

சாமானை ஏற்றி அனுப்புவதோடு வேலை முடிந்தது என்று இருந்திருக்கலாம். பைறோஸாவால் முடியாது. கலியாண வீட்டுக்குக் கூடவே போவார். பெண்கள் பக்கத்தில் நின்று ஆட்களை உட்கார்த்துவார். அவரை யாரும் கேட்டதில்லை, யாரும் தடுத்ததுமில்லை. ஐந்து பேரோடு ஒரு சஹன் இருந்தால் அவருக்குச் சோற்றில் கல் கடித்த மாதிரி.

"ஓராள் வாங்கோ! இந்தா, இங்க ஓராள்!"

அந்தக் குரலுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. மணமகளின் மாமி கைப்பையோடு ஓடிவந்து உட்கார்ந்துவிடுவார். பேச்சுவார்த்தை அறுந்துபோன இரண்டு மச்சிமாரை ஒரே சஹனில் நேருக்கு நேர் உட்கார்த்தியதும் உண்டு. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று மகன் கேட்டதற்கு, "முகத்தத் தூக்கி வச்சிட்டிருந்தா கோழி மத்தவளுக்குப் போயிரும் மகன். எவ்வளவு நேரம் தூக்கி வச்சிட்டிருப்பா?" என்றார்.

அந்தக் குரலை யாரும் பதிந்து வைக்கவில்லை. அவர் மௌத்தான பிறகு மகன் ஃபோனில் தேடிப் பார்த்தான். ஒரேயொரு வொய்ஸ் மெசேஜ் இருந்தது. அதில் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வரச் சொல்கிறார்.

தொழிலில் அவருக்குக் கூட்டாளி பழனியம்மா. கால்வாயோரம் ஒழுங்கையின் கடைசி வீடு. கணவர் இருளப்பன் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இளம் வயதில் வந்து, ரயில்வே யார்டில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பைறோஸா உட்கார்த்துவார், பழனியம்மா சஹன்களைத் தேய்த்துக் கழுவுவார். திரும்பி வரும் லொறியில் இரண்டு பேரும் அன்றைய கலியாணத்தைப் பிரித்து மேய்வார்கள். லொறிக்காரர் ரேடியோ போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. கார்த்திகை பிறந்தால் இருளப்பன் கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றில் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். கறுப்பு வேட்டி, தனிப் பாத்திரம், மரக்கறிச் சாப்பாடு. பழனியம்மாவும் அந்த நாட்களில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொட மாட்டார். அப்போது பைறோஸா வீட்டில் கந்தூரி விருந்து வந்தால், மரக்கறிச் சோறு தனிச் சட்டியில் ஆக்கி, வாழையிலையில் கட்டி, வேறு எந்தக் கரண்டியும் படாமல் அவர்களுக்குப் போகும். இருளப்பன் மாலை இறக்குவதற்கு முன்பு ஒழுங்கைக்கே அன்னதானம் கொடுப்பார். அதில் ஒரு கிடாரம் சாமி படத்துக்கு முன்னால் போகாது. படையலுக்கு முன்பே தனியே எடுத்து வைத்துவிடுவார். அது முஸ்லிம் வீடுகளுக்கு. யாரும் யாரிடமும் கேட்டு வாங்கிய ஒழுங்கு அல்ல. அதுபாட்டுக்கு நடந்தது.

ஒரு வருஷம் நவம்பர்க் கடைசியில் புயல் வந்தது. களனி கங்கை நிரம்பியது. கங்கைக்குப் போகவேண்டிய கால்வாய்த் தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி வந்தது. ஒழுங்கைக்கு வெள்ளம் வீதிப் பக்கமாக வரவில்லை. பின்கதவால் வந்தது.

ஆட்கள் பள்ளிவாசலின் மேல்மாடிக்கு ஏறினார்கள். கைக்குழந்தைகள் பைறோஸாவின் கிடாரங்களில் வந்தன. நெஞ்சளவு தண்ணீரில் நாலு பேர் பிடித்துத் தள்ள, உள்ளே துவாயில் சுற்றிய பிள்ளை. ஒரு கிடாரத்தில் புவாத்தின் பூனையும் வந்தது. புவாத் ஒழுங்கையின் நடுவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். கடையை விட்டுவிட்டுப் பூனையோடு வந்தார்.

பின்னேரம் சஹன் கடையின் கதவு பிய்ந்தது. அலுமினியச் சஹன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, சுழன்று, ஒன்றன் பின் ஒன்றாகக் கால்வாய்ப் பக்கம் மிதந்து போயின. மேல்மாடி ஜன்னலில் பைறோஸாவும் பழனியம்மாவும் நின்றார்கள்.

"பாருங்க அக்கா, கூப்பிடாத கலியாணத்துக்குப் போகுதுகள்."

"போகட்டும். கழுவுற வேல மிச்சம்."

பக்கத்தில் நின்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

தண்ணீர் வடிந்தபோது ஒழுங்கை கறுப்பாக இருந்தது. சேறு, எண்ணெய், கால்வாயின் நாற்றம். நனைந்த பஞ்சு மெத்தையை ஒருவரால் தூக்க முடியாது. இரண்டு பேராலும் முடியாது. முதல் நாள் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகத் தங்கள் மெத்தையோடு மல்லுக்கட்டினார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள், படமெடுத்தார்கள், போனார்கள். பின்னேரமாகியும் ஒரு வீடுகூட முடியவில்லை.

அடுத்த நாள் பகல் பள்ளிவாசல் முற்றத்தில் சோறாக்கினார்கள். கால்வாய் மதகின் கம்பிகளில் பாதிச் சஹன்கள் அடைந்து கிடந்தன. இழுத்து வந்து சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தவர் பழனியம்மா. பைறோஸா வழக்கம்போல உட்கார்த்தினார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சஹனுக்கு ஆறு பேர். சாப்பிட்டு முடிகிற நேரம் எழுந்து நின்று சத்தம் போட்டார்.

"கையக் கழுவிட்டு யாரும் போயிராதீங்கோ! ஒரே சஹன்ல கை வச்ச ஆறு பேரும் ஒரு கட்சி. இன்டைக்கு ஒருத்தர்ட வீடு, நாளைக்கு மத்தவர்ட வீடு. ஆறு பேருக்கும் முடிஞ்ச பொறகுதான் சஹனக் கழுவி அடுக்கிற."

"முதல் யார்ட வீடு ராத்தா?" என்று புவாத் கேட்டார்.

"கடைசி வாய் சோறு தின்டவர்ட வீடு."

அத்தனை சஹனிலும் கைகள் சட்டென்று நின்றன. பிறகு ஆளாளுக்கு மெதுவாக மென்றார்கள். கடைசியில் பைறோஸாவே வயதைப் பார்த்து வரிசை போட்டுக் கொடுத்தார்.

வேலை நடந்தது. ஆறு பேர் சேர்ந்தால் மெத்தை எழும்பும், அலுமாரி நகரும், வாளி கைமாறும். மகன் முர்ஷித் மின்சார வேலை செய்பவன். அவன் சஹன்களில் சேரவில்லை. கழுவி முடிந்த வீடுகளில் வயர்களைச் சோதித்துக்கொண்டு வந்தான். சுவருக்குள் ஈரமிருந்தால் மின்சாரம் வெளியே கசியும். அதை அளக்க ஒரு கருவி உண்டு. முள் சரியான இடத்தில் நிற்காத வீட்டுக்கு அவன் லைட் கொடுப்பதில்லை. எவ்வளவு கெஞ்சினாலும் கொடுப்பதில்லை. "வாப்பாட குணம்" என்பார் பைறோஸா. பாராட்டா முறைப்பாடா என்று சொல்ல முடியாத தொனி.

ஒரு சின்னப் பிசகு சீக்கிரமே தெரிந்தது. கணவன் ஆண்கள் சஹனில், மனைவி பெண்கள் சஹனில். அதனால் சில வீடுகள் இரண்டு கணக்கில் ஏறிவிட்டன. புவாத்தின் வீட்டை மனைவி றிப்னாவின் சஹன் முதலில் கழுவியது. பிறகு புவாத்தின் முறை வந்தபோது, மண்வெட்டியோடு போன ஐந்து ஆண்கள் பளபளவென்ற தரையைப் பார்த்தார்கள். சும்மா திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. இன்னொரு தடவை கழுவினார்கள்.

"என்ட குசினி இப்ப ஆஸ்பத்திரி மாதிரி ஈக்கி" என்று றிப்னா ஒழுங்கை முழுக்கச் சொன்னார்.

ஒழுங்கையே சிரித்தது. பைறோஸாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

எல்லாச் சஹனும் முடிந்த அன்று முர்ஷித் ஒழுங்கையின் அடிவரை போனான். கடைசி வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான். சேறு காய்ந்து வெடித்திருந்தது. கட்டில் மேல் கதிரை, கதிரை மேல் தலையணை. வாசலில் ஒரு வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

கடையில் பைறோஸா சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உம்மா, இருளப்பன் மாமாட வீடு எந்தச் சஹன்?"

"புவாத்ட சஹன்."

"புவாத் நாநா இல்லெங்கிறார்."

"அப்ப ஹாஷிம் ஹாஜியார்ட."

"அவர்ட ஆறு வீடும் நான்தான் சோதிச்ச. அதுல இல்ல."

பைறோஸா விரல் மடக்கத் தொடங்கினார். ஆண்கள் சஹன், பெண்கள் சஹன், யார் யார் எந்தப் பக்கம், யாருக்குப் பக்கத்தில் யார். கலியாண வீடுகளில் ஒரு தடவை பார்த்தால் மறக்காத ஆள். கடைசி விரலையும் மடக்கினார். கையில் இருந்த சஹனைத் தரையில் வைத்தார். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மரக்கறி" என்றார்.

முர்ஷித்துக்கு விளங்கவில்லை.

"மரக்கறிப் பார்சல், மகன். நான்தான் கட்டினேன். முதல் பார்சல் அவங்களுக்குத்தான் கட்டினேன். வேற கரண்டி படாமக் கட்டினேன்."

அப்போதுதான் விளங்கியது. மாலை போட்ட வீடு. சஹனில் உட்காரவில்லை. இலைப் பார்சலை வாங்கி ஓரமாக இருந்து சாப்பிட்டார்கள். சஹனில் கை வைத்தவர்கள்தான் கணக்கு. மறந்து செய்திருந்தால்கூட ஒரு சாட்டு இருந்திருக்கும். மறக்கவில்லை. கவனமெடுத்துப் பிரித்து வைத்ததில் விடுபட்டுப் போனார்கள்.

பழனியம்மா சில நாளாகக் கண்ணில் படாதது பைறோஸாவுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் மகள் அனுஷியாவிடம் போய் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்திருந்தார். ஃபோன் எடுக்காததற்கு, ஃபோனும் நனைந்திருக்கும் என்று நினைத்திருந்தார். நல்ல நல்ல காரணங்கள் எல்லாம் நினைத்திருந்தார்.

"சல்வாரை மாத்திட்டு வாறேன்" என்று எழுந்தார். "வெள்ளவத்தைக்குப் போவோம்."

அனுஷியா டியூஷன் வகுப்பில் கணிதம் படிப்பிப்பவர். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் தெருவொன்றில் ஐந்தாம் மாடி. கீழே காவலாளி சிங்களத்தில், "கொஹாட்டத அம்மே?" என்று எங்கே போகிறார் என விசாரித்தார். சாதாரண நாளென்றால் பைறோஸா அவருடைய ஊர், பிள்ளைகள், சம்பளம் வரைக்கும் சிங்களத்திலேயே கேட்டு முடித்திருப்பார். அன்றைக்கு விரலால் மேலே காட்டினார். லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இருளப்பன் கறுப்பு வேட்டியோடு முன்னறையில் இருந்தார். "வாங்க தங்கச்சி, வாங்க தம்பி" என்று எழுந்து கதிரை காட்டினார். பழனியம்மா வெளியே வரவில்லை. குசினிக்குள்ளே பாத்திரங்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

"அண்ணே, பிழ என்ட பிழ" என்றார் பைறோஸா, உட்காராமலே. "சஹன வச்சிக் கணக்குப் போட்டேன். நீங்க சஹன்ல இல்ல."

"அட, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? யாரு மேலயும் கோவம் இல்லம்மா. வெள்ளம் வந்தா யாருக்குத்தான் யாரு நெனப்பு இருக்கும்?"

அந்தப் பதில் ஏச்சைவிட மோசம். பைறோஸாவின் முகம் சுருங்கியது.

குசினி வாசலில் பழனியம்மா கரண்டியோடு வந்து நின்றார்.

"எனக்கு இருக்கு கோவம். அவரு மாலை போட்டிருக்காரு, கோவப்படக் கூடாது. நான் போடலையே!"

"அம்மா…" என்றார் அனுஷியா.

"நீ சும்மா இரு. ஏ பைறோஸா, ஒன் சஹனெல்லாம் யாரு தேச்சா? நான். தேச்சுக் குடுத்துட்டு, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வருவாங்க, நாளைக்கு வருவாங்கன்னு வாளிய வாசல்ல வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவங்கவங்க மண்வெட்டியத் தூக்கிக்கிட்டு எங்க வாசல்லயே திரும்பிப் போறாங்க. புவாத் வீட்ட ரெண்டு தடவ கழுவுனீங்களே! பூனையக்கூடக் குளிப்பாட்டியிருப்பீங்க!"

"ஒரு வார்த்த கேட்டீக்கலாமே அக்கா."

"கேட்டா வந்திருப்ப. அதுக்குத்தான் கேக்கல."

கீழே கடலோர ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

அனுஷியா மெதுவாக விஷயத்தைச் சொன்னார். வீட்டை ஒருவர் கேட்கிறார். டயர் வியாபாரி. கோடவுனுக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பதில் சொல்வதாக அப்பா சொல்லியிருக்கிறார். இங்கேயே பக்கத்தில் ஒரு அறை பார்த்தாயிற்று. கால்வாய் இல்லை, வெள்ளம் இல்லை, இரண்டு பேருக்கும் வயதாகிறது.

அனுஷியா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. முர்ஷித்தே அப்படித்தான் சொல்லியிருப்பான். அவன் உம்மாவைப் பார்த்தான். பழனியம்மா இல்லாமல் லொறியில் ஏறுவதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒழுங்கையின் கடைசியில் டயர் அடுக்கியிருப்பதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"அண்ணே" என்றார் ஒருவழியாக. "இந்த வருஷம் அன்னதானம் எப்ப?"

பழனியம்மா கரண்டியை நீட்டி மகளிடம் சொன்னார்: "கேட்டியாடி? வீட்டுக்குள்ள கெணுக்கால் சேறு. இவ சோறு கேக்குறா."

"ஓ, சோறு கேட்டுத்தான் வந்தீக்கிற. வீடு கழுவ வரல்ல. கழுவ வந்தா நீங்க கதவத் தொறக்க மாட்டீங்கன்டு தெரியும். ஒழுங்க முழுக்க என்ட சோத்தத் தின்டு களச்சிப் போய் ஈக்கி. வருஷம் வருஷம் போடுற சாம்பார் எங்கன்டு கேக்குறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"இந்த வருஷம் முடியலன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன், தங்கச்சி" என்றார் இருளப்பன்.

"சாமிக்குச் சொன்னீங்க. ஒழுங்கைக்குச் சொல்லல்லயே."

இருளப்பன் மாலை குலுங்கச் சிரித்துவிட்டார். அனுஷியா வாயைப் பொத்திக்கொண்டார். பழனியம்மா சிரிக்கவில்லை. ஆனால் கரண்டி இறங்கியது.

"போடுறதா இருந்தா எங்க வாசல்லதான் போடணும்" என்றார்.

"வேற எங்க?"

"இலதான். சஹன் கிடையாது."

"சரி."

"யாரு எங்க உக்காரணும்னு நான்தான் சொல்லுவேன். நீ வாயத் தொறக்கக் கூடாது."

பைறோஸா முர்ஷித்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சரி" என்றார்.

"அன்னைக்கு ஒரு நாளுதான். வீட்ட என்ன செய்யிறதுன்னு அதுக்கப்புறம் அவரு சொல்லுவாரு. அதுல நீ தலையிடாத."

"சரி அக்கா."

பஸ்ஸில் திரும்பும்போது பைறோஸா ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "கிடாரம் எத்தின தப்பிச்சீக்கி மகன்?"

சனிக்கிழமை காலை பழனியம்மா தானே வந்து கதவைத் திறந்தார். பூசை நடக்கிற வீட்டில் சேறு இருக்கக் கூடாது. ஆகவே வீடு கழுவப்பட வேண்டும். அது உதவி அல்ல, பூசை வேலை. ஒழுங்கையே வாசலில் நின்றது. கழுவி அனுபவப்பட்ட கைகள், எங்கே தொடங்குவது என்று சொல்ல ஆளில்லாமல் நின்றன. எல்லாரும் வழக்கப்படி பைறோஸாவைப் பார்த்தார்கள். பைறோஸா வானத்தைப் பார்த்தார்.

பழனியம்மா ஆட்களைக் கூப்பிடவில்லை. கதவுகளைக் கூப்பிட்டார். ஒழுங்கையின் மேல்முனையிலிருந்து தொடங்கி, வரிசையாக.

"பச்சக் கேட் வீடு, மெத்தையத் தூக்குங்க. அடுத்த வீடு, அலுமாரி. புவாத் வீடு… ரெண்டு தடவ கழுவுன வீடுதானே, குசினியும் கக்கூசும் நீங்களே கழுவுங்க."

"இது அநியாயம் மாமி!"

"பூனையையும் கூட்டிட்டு வாங்க."

கணவன் மனைவி ஒரே கதவுக்குள் அடங்கினார்கள். தனியாக இருக்கும் கிழவியும் ஒரு கதவு. மச்சம் தின்கிற வீடும் கதவு, தின்னாத வீடும் கதவு. யாரும் இரண்டு தடவை வரவில்லை, யாரும் விடுபடவில்லை. இன்றைக்கும் ஒழுங்கையில் எந்தப் பொதுக் காரியமும் அப்படித்தான் நடக்கிறது. மழை எச்சரிக்கை வந்தால் மேல்வீட்டுக்காரர் அடுத்த கதவைத் தட்ட வேண்டும், அவர் அதற்கடுத்ததை. கடைசிக் கதவு தட்டப்பட்டதும் அங்கிருந்து "சரி" என்ற சத்தம் மேலே திரும்பி வர வேண்டும். ஆளுக்கு ஆள் ஃபோன் அடிப்பதைவிட இது வேகமானது. முர்ஷித் சோதித்துப் பார்த்திருக்கிறான்.

பகலுக்குள் தரை தெரிந்தது. பின்னேரம் சுவர் தெரிந்தது. முர்ஷித் குழாய்க்குள் இருந்த வயர்களை உருவி வெளியே எடுத்தான். ஒவ்வொன்றின் வாலிலும் கால்வாய் சொட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கையின் நீளத்துக்குப் பாய் விரித்தார்கள். பூசை முடிந்தது. தனியே எடுத்து வைத்த கிடாரம் வழக்கம்போல வெளியே வந்தது. பழனியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தி உட்கார்த்தினார்.

"நீ கடைசிப் பந்தி" என்றார் பைறோஸாவிடம். "அந்தா, அந்தச் சுவரோரமா நில்லு."

பைறோஸா நின்றார். முதல் பந்தி போனது. இரண்டாம் பந்தியில் நடுவே இரண்டு இலை வெறுமையாகக் கிடந்தது. ஆட்கள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பைறோஸாவின் கை தானாக மேலே எழுந்தது. பழனியம்மா திரும்பிப் பார்த்தார். கை இறங்கியது.

"அங்க ரெண்டு இல சும்மா ஈக்கி மகன்" என்று முர்ஷித்தின் காதில் கிசுகிசுத்தார்.

"வாயத் தொறக்க வேணாம்ன்டு சொன்னாங்க உம்மா."

"ஒன்ட காதுதானே. இது கணக்கில்ல."

கடைசிப் பந்தியில் அவருக்கு இலை விழுந்தது. பழனியம்மாவே பரிமாறினார். சோறு, பருப்பு, சாம்பார், பூசணிக்காய்க் கறி.

"போதும் அக்கா."

"பொய் சொல்லாத" என்று இன்னொரு கரண்டி போட்டார்.

உள்ளே இருளப்பன் வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றார். முர்ஷித் புது வயர் இழுப்பதற்காக அளவெடுத்துக்கொண்டிருந்தான். யார் குடியிருந்தாலும், கோடவுனாக இருந்தாலும், வயர் வேண்டும். அவன் அதற்கு மேல் யோசிக்காமலிருக்க முயன்றான்.

"தம்பி, இந்த ப்ளக் பொயின்ட்டெல்லாம் கால்கிட்ட இருக்கு. நெஞ்சளவுக்கு ஏத்தித் தர முடியுமா?"

"முடியும் மாமா. ஏன்?"

"அடுத்த தண்ணிக்கு."

முர்ஷித் டேப்பை மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "டயர்க்காரர்?"

"அவருக்குக் காலையிலயே சொல்லிட்டேன். வேற எடம் பாக்கச் சொல்லி." இருளப்பன் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு இன்னும் சொல்லல. அவ இன்னும் கோவமா இருக்கணும்னு ஆசப்படுறா."

"எனக்குக் காது கேக்கும்!" என்று வெளியிலிருந்து பழனியம்மாவின் குரல் வந்தது. வாளியோடு வாசலில் வந்து நின்றார். "அது யாரு நெஞ்சு? ஒங்க நெஞ்சா? எனக்கு வசதியா இருக்க வேணாமா? தம்பி, என் தோளளவுக்கு வைங்க."

இலைக்கு முன்னால் இருந்து பைறோஸா தலையைத் தூக்கினார். வாயில் சோறு.

"தண்ணி ஒங்கட தோளப் பாத்தா வரும் அக்கா? இன்னும் மேல வைங்க மகன்!"

"வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"அது பந்திக்கு. இது கரன்ட்டுக்கு."

பழனியம்மா சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், கேட்காமலே பைறோஸாவின் இலையில் ஊற்றினார்.

முர்ஷித் பழனியம்மாவின் தோளைக் கண்ணால் அளந்தான். அதற்கு ஒரு சாண் மேலே பென்சிலால் கோடு போட்டான்.